ஒரு கறுப்புக் காய் குறைகிறது

அவள் உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்தத் தெருவில் அதிகம் இல்லை. கல்யாணப் போட்டோவிலேயே பாதி எழுந்த மாதிரிதான் இருக்கிறாள். படம் எடுக்கிற நேரம் பார்த்து யாரோ தண்ணீர் கேட்டார்களாம். பக்கத்தில் புருஷன் மட்டும் சாவகாசமாக நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். அவர் பஸ் ஓட்டுகிறவர், நாள் முழுக்க உட்கார்ந்தே சம்பாதிக்கிறவர். இவள் சமைக்கிறவள், நின்றே சம்பாதிக்கிறவள். பொருத்தம் அங்கேயே முடிந்துவிட்டது என்று அவள் நாத்தனார் சொல்வதுண்டு.

எதிலும் இருப்புக் கொள்ளாது. சோறு தட்டில் இருக்கும், அவள் பின்பக்கம் துணி எடுத்துக்கொண்டிருப்பாள். யாராவது பேச ஆரம்பித்தால் தலையை ஆட்டிக்கொண்டே ஜன்னல் கம்பியைத் துடைப்பாள். கூப்பிட்டால் ஒரே பதில்தான். "இதோ வந்துட்டேன்." அந்த 'இதோ'வை நம்பிக் காத்திருந்தவர்களுக்குக் காபி ஆறியிருக்கிறது, கடை மூடியிருக்கிறது, ஒருமுறை ரயிலே போயிருக்கிறது.

கிண்ணக்காரி என்று பேர் வந்தது இந்தக் குணத்தால்தான். கல்யாணமான புதிதில் ஒரு மாணவர் விடுதியின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆறு அடுப்பு. ஒன்றில் கிளறும்போது மனசு அடுத்ததற்குப் போய்விடும், மனசு போனால் காலும் போய்விடும். திரும்பி வந்து பார்த்தால் உப்புப் போட்டோமா என்று தெரியாது. சந்தேகத்துக்கு இன்னொரு முறை போட்டாள். அன்றைக்கு மொத்த விடுதியும் தண்ணீர்க் குடத்தைச் சுற்றி நின்றது. தலைமைச் சமையல்காரர் எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். அழுதுகொண்டே வீட்டுக்குப் போனவள், மறுநாள் ஒரு பை நிறையச் சின்னச் சின்னக் கிண்ணங்களோடு வந்தாள்.

அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே எல்லாவற்றையும் கிண்ணங்களில் எடுத்து, பானையில் போடவேண்டிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக வைத்துவிடுவாள். கடுகு ஒன்றில், பூண்டு ஒன்றில், மிளகு ஒன்றில், உப்பு கடைசியில். எங்கே வேண்டுமானாலும் ஓடிவிட்டு வரலாம். வந்து கிண்ணத்தைப் பார்த்தால் போதும். காலியா, போட்டாயிற்று. நிறைந்திருக்கிறதா, போடவில்லை. கூட வேலை செய்தவர்கள் "சொப்பு விளையாடறா பாரு" என்று சிரித்தார்கள். சிரித்தவர்கள் கை உப்பு அதற்குப் பிறகும் கூடியது, குறைந்தது. இவள் கை உப்பு மாறவே இல்லை.

பழக்கம் வீட்டுக்கும் வந்தது. சட்டைப் பொத்தானுக்கு ஒரு கிண்ணம், சாவிக்கு ஒன்று, அவருடைய ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கு ஒன்று. "என்னையும் ஒரு கிண்ணத்துல போட்டு வச்சுடேன், தேட வேணாம்" என்பார் அவர். "உங்களுக்குக் கிண்ணம் பத்தாது, அண்டாதான் வாங்கணும்" என்பாள் இவள். சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் போயிருப்பாள். அவர் சிரித்தது பாதி நேரம் சுவருக்குத்தான் தெரியும்.

மகள் வேறு ஊருக்கு வேலைக்குப் போனபோது, அலமாரியில் ஒரு பலகை ஆட்டத்தை விட்டுவிட்டுப் போனாள். அட்டையில் குறுக்கும் நெடுக்கும் பாதைகள். பாதை கூடும் இடங்களில் காய் வைத்து எதிராளியை நகரவிடாமல் மடக்க வேண்டும். பட்டாணி பருமனில் மரக் காய்கள், அவருக்கு மஞ்சள், இவளுக்குக் கறுப்பு, இருவருக்கும் பொதுவாக வழிமறிக்கச் சிவப்பு. முதலில் எல்லாம் ஒரே பையில் கலந்து கிடந்தன. பொறுக்கிப் பிரிக்கவே பொழுது போய்விடும். இவள் சும்மா இருப்பாளா? பச்சைக் கோடு போட்ட வெள்ளைக் கிண்ணங்களை ஆட்டத்துக்கென்று ஒதுக்கினாள். நீலக் கோடு சமையலுக்கு. பச்சை அடுப்படிக்கு வராது, நீலம் கூடத்துக்குப் போகாது. வீட்டில் வேறு எந்தச் சட்டத்தையும் அவள் இவ்வளவு கறாராக வைத்ததில்லை.

சாயங்காலம் அவர் டியூட்டி முடிந்து வந்ததும் ஒரு ஆட்டம். அந்த வீட்டில் அவள் உட்காருகிற நேரம் அது ஒன்றுதான். முடிந்ததும் காய்களை ஐந்தைந்தாக வரிசை கட்டிப் பார்த்துக் கிண்ணத்தில் போடுவாள். சில நாள் ஒன்று குறையும். உடனே இருவரும் தரையில் தவழ்வார்கள், சோபாவுக்கு அடியில் டார்ச் அடிப்பார்கள், ஒருவர் தலை மற்றவர் தலையில் முட்டும். கடைசியில் அவர் கையில்தான் அகப்படும். பஸ் ஓட்டுகிறவருக்குக் கண் கூர்மை என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

விடுதி வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. இப்போது வீட்டிலேயே சமைத்து, நாலு தெரு தள்ளியிருக்கும் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்துக்கு வேனில் மதியச் சாப்பாடு அனுப்புகிறாள். எல்லாம் ஐந்து வயசுக்கு உட்பட்ட வாண்டுகள். விடுதியில் யாரும் அவளைத் தேடி வந்து 'நல்லா இருந்துச்சு' என்று சொன்னதில்லை. இங்கே தட்டை வழித்துவிட்டு, வழித்த கையாலேயே அவள் புடவையைப் பிடித்து இழுப்பார்கள். அந்தப் பிசுபிசுப்புக்காகவே அவள் நாள் தவறாமல் வேனுக்குப் பின்னால் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவாள். அது இல்லாவிட்டால் தனக்கு என்ன இருக்கிறது என்று யோசித்தால் அவளுக்குப் பயமாக இருக்கும். யோசிக்காமல் எழுந்து எதையாவது துடைப்பாள்.

அன்றைக்கு மட்டும் அவள் வேனுக்குப் பின்னால் போகவில்லை. முந்தின நாள் சாயங்காலம் ஆட்டம் பாதியில் இருக்கும்போதே, மறுநாளைக்குப் பால் சொல்ல மறந்தது நினைவுக்கு வந்து எழுந்து போயிருந்தாள். "இதோ வந்துட்டேன்" என்றுதான் போனாள். பால் சொல்லி, வழியில் காய்கறி பார்த்து, திரும்பி வந்தபோது அவர் பலகையை மடித்து வைத்துவிட்டுச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். காய்கள் வரிசை கட்டாமல் அப்படியே கிண்ணத்தில் கிடந்தன. அது அவளுக்கு இரவெல்லாம் உறுத்தியது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள்.

காலையிலோ தலைக்கு மேல் வேலை. காய்கறிச் சாதம், அதோடு பாலில் சாதத்தைக் குழைய வேகவைத்துச் சர்க்கரையும் உலர்ந்த திராட்சையும் சேர்த்த பால்சாதம். நீலக் கோட்டுக் கிண்ணம் ஒன்று போன வாரம் உடைந்திருந்தது. எல்லாம் எடுத்து வைத்தபின் திராட்சைக்குக் கிண்ணம் இல்லை. கூடத்துக்குப் போனாள். கறுப்புக் காய்க் கிண்ணத்தை ஆட்டப் பெட்டியின் மூடியில் கவிழ்த்தாள், அதிலேயே திராட்சையை ஊறப்போட்டாள். சட்டத்தைப் போட்டவளே உடைத்தாள், அதுவும் ஒரு கிண்ணத்துக்காக.

வேன் போனது. சட்டியெல்லாம் தேய்த்தாள். பச்சைக் கோட்டுக் கிண்ணத்தைக் கழுவித் துடைத்துக் கூடத்துக்குக் கொண்டுபோனாள். மூடியில் கிடந்த காய்களை, நேற்று விட்ட குறைக்குச் சேர்த்து, ஐந்தைந்தாக வரிசை கட்டினாள். கடைசி வரிசையில் நாலுதான் இருந்தது.

மறுபடி கட்டினாள். நாலுதான்.

மேசைக்கு அடியில் பார்த்தாள், சோபாவை இழுத்துப் பார்த்தாள். அப்புறம்தான் காலையில் செய்தது நினைவுக்கு வந்தது. கிண்ணத்தைக் கவிழ்த்தோமே, எல்லாம் விழுந்ததா என்று பார்த்தோமா? திராட்சையைப் போடும் முன் அலம்பினோமா? வழக்கமாக அலம்புவாள். அலம்பியிருப்பாள். ஆனால் அந்த நேரத்தில் பால் பொங்கியது, ஓடினாள். ஓடியது நினைவிருக்கிறது, அலம்பியது நினைவில்லை. ஊறி உப்பிய கறுப்புத் திராட்சையையும் அந்தக் காயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவளுக்கே கண்ணாடி வேண்டும். கிண்ணத்தைப் பார்த்தாள். காலியாக இருந்தது. காலி என்றால் போட்டாயிற்று. இத்தனை வருஷம் அவளைக் காப்பாற்றிய கணக்கு அன்றைக்கு அவளையே பிடித்துக்கொண்டது.

புருஷனுக்குப் போன் போட்டாள். ஓட்டும்போது அணைத்து வைப்பார், தெரிந்ததுதான். காப்பகத்துக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அங்கே போனை யார் எடுப்பார்கள்? ஒரு செருப்பை மாட்டினாள், இன்னொன்று அகப்படவில்லை, இரண்டையும் விட்டுவிட்டு ஓடினாள்.

சலவைக்கடை, சைக்கிள் கடை, பள்ளம் தோண்டிப் போட்டிருந்த முனை. பள்ளத்துக்கு மேல் போட்ட பலகையில் எதிரே ஒருவர் வந்துகொண்டிருந்தார். அவரைத் தள்ளாத குறையாகக் கடந்தாள். "பாத்து போம்மா" என்றது பின்னால் கேட்டது. பெரிய சாலையில் சிக்னல் விழக் காத்திருந்த நேரம்தான் அவளால் தாங்க முடியாத நேரம். நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி நடந்தாள்.

உள்ளே நுழைந்தபோது ஆயாம்மா இரண்டாவது வரிசைக்குப் பால்சாதம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துங்க. யாரும் சாப்பிட வேணாம். அதுல ஒரு காய் விழுந்திருக்கும் போல, விளையாட்டுக் காய்."

பெரிய டீச்சர் காரணம் கேட்டு நேரத்தை வீணாக்கவில்லை. காப்பகத்தை நடத்துகிறவர் அவர்தான், இடுப்பில் சாவிக்கொத்தோடு எப்போதும் நிதானமாக இருப்பவர். தட்டுகளைச் சேகரிக்கச் சொன்னார். இனிப்பைப் பிடுங்கினால் குழந்தைகள் சும்மா விடுமா? கூரை பிய்த்துக்கொண்டு போனது. ஒவ்வொரு தட்டையும் கரண்டியால் கிளறினார்கள். பாத்திரத்தில் மிச்சமிருந்ததை வடிகட்டியில் கொட்டி, தண்ணீர் ஊற்றி அலசினார்கள். திராட்சை, திராட்சை, திராட்சை. காய் இல்லை.

அப்படியானால் அது யார் வயிற்றில்? ஏற்கெனவே தட்டைக் காலி செய்தது ஒரே ஒரு குழந்தை. மூன்று வயசு, மூக்கு நுனியில் கண்ணாடி, எல்லாரும் சோடாபுட்டி என்று கூப்பிடுவார்கள். இனிப்பைத்தான் முதலில் சாப்பிடுவாள்.

"செல்லம், ஏதாவது கெட்டியா முழுங்கினியா?" என்று டீச்சர் கேட்டார்.

"ஆமா."

"கறுப்பா இருந்துச்சா?"

"ஆமா."

டீச்சர் ஒரு நிமிஷம் யோசித்தார். "யானை முழுங்கினியா?"

"ஆமா," என்றது குழந்தை, இன்னும் கொஞ்சம் பால்சாதம் கிடைக்குமா என்று பாத்திரத்தைப் பார்த்தபடி.

குழந்தையின் அம்மா வேலையை விட்டு வந்து டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனாள். திட்டவில்லை. போகும்போது கிண்ணக்காரியை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. மரம் எக்ஸ்ரேயில் தெரியாதாம். மூச்சு சீராக இருக்கிறதாம். இரண்டு நாள் கூடவே இருந்து பார்க்கச் சொன்னார்களாம். மற்ற குழந்தைகளுக்கு ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கிக் கொடுத்தார்கள்.

"நீங்களே ஓடி வந்து சொன்னீங்க, அத நான் மறக்க மாட்டேன்," என்றார் டீச்சர். "ஆனா நாளைக்கு நீங்க சமைக்க வேணாம். என்ன ஏதுன்னு தெரியட்டும்."

வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கை ஓடவில்லை, ஆனால் கால் நிற்கவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தாள். எல்லாக் கிண்ணங்களையும் இறக்கிக் கழுவினாள், ஏற்றினாள், மறுபடி இறக்கினாள். நாளைக்கென்று வெங்காயம் உரித்தாள். பாதி உரித்தபின்தான் நாளைக்குச் சமையல் இல்லை என்பது உறைத்தது. உரித்ததை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது, அதற்கு வெங்காயத்தைக் காரணம் காட்டவும் பக்கத்தில் ஆள் இல்லை. சோடாபுட்டியின் மூக்கு நுனிக் கண்ணாடி நினைவுக்கு வரும்போதெல்லாம் போனை எடுத்துப் பார்த்தாள்.

புருஷன் வந்தபோது அவள் ஆட்ட மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். காய் வரிசைகள் அப்படியே இருந்தன.

"என்ன, இன்னைக்கு இப்பவே எடுத்து வச்சுட்ட?" என்று சிரித்துக்கொண்டே வந்தவர், அவள் முகத்தைப் பார்த்து நின்றார்.

மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கிண்ணம் உடைந்தது, திராட்சை, அலம்பாதது, குழந்தை, எக்ஸ்ரே. சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவள் முடிப்பதற்குள் அவர் கை சட்டைப் பைக்குள் போயிற்று. வெளியே வந்து, கடைசி வரிசையின் காலி இடத்தில் ஒரு கறுப்புக் காயை வைத்தது.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்திலேயே கோபமும் வந்தது.

"எங்க இருந்துச்சு?"

"எங்கிட்டதான். நேத்து எடுத்து வச்சேன்."

"எதுக்கு?"

"சும்மா. விளையாட்டுக்கு."

"விளையாட்டுக்கு." அவள் அந்த வார்த்தையை ஒருமுறை திருப்பிச் சொன்னாள். "ஒரு குழந்தைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. இத்தன குழந்தைங்க ரொட்டியத் தின்னுச்சு. நான் ரோட்டுல வெறுங்காலோட ஓடினேன். உங்களுக்கு விளையாட்டு."

இவள் டீச்சருக்குப் போன் போட்டாள். காய் கிடைத்துவிட்டது, வீட்டில்தான் இருந்தது என்றாள்.

"நிஜமாவா? இல்ல எங்க மனசத் தேத்தறதுக்குச் சொல்றீங்களா?" என்று கேட்டார் டீச்சர். "அந்தக் குழந்தையோட அம்மா அங்க தூங்காம உக்காந்திருக்கப் போறா. நான் அவகிட்ட நிச்சயமா சொல்லணும்."

கேட்டது நியாயம்தான். காய் கிடைத்துவிட்டது என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். போனை வைத்தாள்.

"நடங்க," என்றாள். "எடுத்தவர் வாயால சொல்லுங்க."

காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் அவர் கிளம்பினார். கறுப்புக் காய்க் கிண்ணம் அவர் கையில் இருந்தது. அவள் இரண்டு அடி முன்னால் நடந்தாள். பள்ளத்துப் பலகையில் அவர் தடுமாறியபோதுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, சத்தம் கேட்டு நடையை மட்டும் குறைத்தாள்.

காப்பகத்தில் குழந்தைகள் எல்லாம் போயிருந்தார்கள். ஆயாம்மா தரை துடைத்துக்கொண்டிருந்தாள். "நீ இங்கயே இரு. நான் தனியா சொன்னாத்தான் சரி," என்றார் அவர். உள்ளே போனார். அவள் வராந்தாவில் நடந்தாள். குழந்தைகளின் செருப்பு அலமாரி வரைக்கும் போவாள், திரும்புவாள். டீச்சர் அறை ஜன்னல் திறந்திருந்தது. மேசையில் காய்கள் ஐந்தைந்தாக வைக்கப்படும் சத்தம் கேட்டது. அவளைப் போலவே வரிசை கட்டுகிறார்.

"எல்லாம் சரியா இருக்குங்க. இந்தக் கடைசிது நேத்து சாயங்காலத்துலருந்து என் பையிலதான் இருந்துச்சு. இன்னைக்கு முழுக்க பஸ்ஸுல என்கூடவே வந்துச்சு. அவ மேல ஒரு தப்பும் இல்ல."

டீச்சர் உடனே குழந்தையின் அம்மாவுக்குப் போன் செய்தார். அந்தப் பக்கத்து அழுகை வராந்தா வரைக்கும் கேட்டது. போனை வைத்தபின் டீச்சரின் குரல் மாறிவிட்டது.

"இத ஏங்க எடுத்தீங்க? நீங்க என்ன சின்னப் பிள்ளையா?"

சும்மா, விளையாட்டுக்கு என்று சொல்வார் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"அவ உக்கார மாட்டா," என்றார் அவர். "ஆட்டம் நடக்கற வரைக்கும்தான் என் எதிர்ல இருப்பா. முடிஞ்சா எழுந்து போயிடுவா. ஒரு காய் குறைஞ்சா மட்டும் போக மாட்டா. தேடறதுக்குன்னு என்கூட இன்னும் கொஞ்ச நேரம் தரையில கிடப்பா, ஏதாவது பேசுவா, சிரிப்பா. அதுக்காக அப்பப்ப ஒண்ண எடுத்து வச்சுக்குவேன். அப்புறம் நானே கண்டுபிடிச்ச மாதிரி குடுத்துடுவேன். நேத்து பாதி ஆட்டத்துலயே போயிட்டா. சரி, நாளைக்கு சேத்து வச்சுத் தேடலாம்னு எடுத்தேன்."

"அவங்ககிட்டயே சொல்லியிருக்கலாமே, கொஞ்ச நேரம் உக்காருன்னு?"

"சொல்லியிருக்கேங்க. 'இதோ வந்துட்டேன்'னு சொல்லுவா."

செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் போயிருந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். சோபாவுக்கு அடியில் டார்ச் அடித்தது, தலை முட்டியது, ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அதில் ஒன்றுகூடத் தானாகத் தொலைந்த காய் இல்லை. இத்தனை வருஷமாக அந்த மனுஷர் தன்னைக் கொஞ்ச நேரம் பக்கத்தில் வைத்துக்கொள்ளத் திருடிக்கொண்டிருந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. யாருக்காக வெட்கப்படுகிறோம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

குழந்தைகள் செருப்பு மாட்டுவதற்கென்று அங்கே ஒரு குட்டைப் பெஞ்சு உண்டு. அவள் அதில் உட்கார்ந்தாள்.

அவர் கிண்ணத்தோடு வெளியே வந்தார். "மத்த அம்மாக்கள்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்னாங்க. நாளைக்கு வேணாம். நாளன்னைக்குத் தெரியும்." பிறகு, வழக்கத்துக்கு மாறாக எதையோ பார்த்தவர் போல, "போலாமா?" என்றார்.

"கொஞ்சம் உக்காருங்க."

அவர் பெஞ்சைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். உட்கார்ந்தார். முழங்கால் முகவாய் வரைக்கும் வந்தது. ஆயாம்மா துடைப்பத்தோடு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"உங்க மேல கோவம் போகல," என்றாள்.

"தெரியும்."

"அந்தக் குழந்தைக்கு என்னாச்சோ, ஏதாச்சோன்னு மத்தியானம் முழுக்க செத்துப் பொழச்சேன்."

"தெரியுதும்மா."

அவள் வலது கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. அதன் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். வீட்டில் பாதி உரித்த வெங்காயம் கிடக்கிறது, பால் பாத்திரம் கவிழ்க்கவில்லை, கதவைச் சாத்தினோமா என்று சந்தேகம் வேறு. அவர் உள்ளங்கையில் அந்த ஒற்றைக் காய் இன்னும் இருந்தது.

"அதக் கிண்ணத்துல போடுங்க," என்றாள்.

போட்டார். எல்லாக் காயும் இருந்தது, தேட ஒன்றுமில்லை, இனி எழுந்து நடக்க வேண்டியதுதான். அவள் எழவில்லை.